பள்ளத்தாக்கின் பாட்டும் பாட்டின் வாணிகமும்

முன்னுரை

கூடலூரை அடுத்த மங்கலதேவி மலை உச்சியில் கண்ணகி கோயில் இருப்பதை நாம் அறிவோம். சித்திரை முழுநிலவு நாளில் நம் பள்ளத்தாக்கு மக்கள் மலையேறி அங்கே வழிபடுகின்றனர். சிலப்பதிகாரத்தின் குன்றக்குரவையில், கண்ணகி விண்ணுலகு சென்றதைக் கண்ட குறவர் ஒன்றுகூடிப் பாடி ஆடினர் என்று இளங்கோவடிகள் கூறுகிறார். அந்தப் பாட்டுக்கு யாரும் விலை கேட்கவில்லை. யாரும் விலை கொடுக்கவும் இல்லை. அது ஊரார் அனைவருக்கும் உரிய பாட்டு.

சங்க காலத்திலேயே மற்றொரு வகைப் பாட்டும் இருந்தது. பாணரும் கூத்தரும் யாழும் முழவும் சுமந்து வள்ளல்களை நாடிச் சென்று, பாடிப் பரிசில் பெற்றனர். எந்த வள்ளலிடம் சென்றால் என்ன கிடைக்கும் என்று, பெற்றவன் பெறாதவனுக்கு வழி சொல்வதே ஆற்றுப்படை. பொருளியல் மாணவன் கண்ணால் பார்த்தால், ஆற்றுப்படை நூல்கள் இசைத்தொழிலின் சந்தைச் செய்தி என்றே தோன்றும்.

ஊருக்குப் பொதுவான பாட்டு ஒன்று. தொழிலான பாட்டு மற்றொன்று. தேனி மாவட்டமும் கம்பம் பள்ளத்தாக்கும் இரண்டிலும் வளமுடையவை. ஆனால் முதல் வகைப் பாட்டு இரண்டாம் வகையாக மாறும்போது, அதன் பயன் யாருக்குச் செல்கிறது? இந்த வினாவை எனக்குள் எழுப்பியவர் பேராசிரியர் எவரும் அல்லர், என் அப்பத்தா. சென்ற விடுமுறையில் அவர் பாடிய நடவுப் பாட்டொன்றைக் கைப்பேசியில் பதிவு செய்தேன். அதை மீண்டும் ஒலிக்கச் செய்து காட்டியபோது அவர் கேட்டார்: "ஏப்பா, இத எவனாச்சும் வித்தா காசு யாருக்குப் போகும்? நானா கட்டுனேன்? எங்க ஆத்தா பாடுனா, அவ ஆத்தா பாடுனா." அன்று என்னால் விடை சொல்ல இயலவில்லை. அவ்விடையைத் தேடும் முயற்சியே இக்கட்டுரை.

மேடைக் காலம்

ஒலிப்பதிவுக் கருவி வருவதற்கு முன் பாட்டைச் சேமித்து வைக்க வழியில்லை. பாட்டு வேண்டுமென்றால் பாடுபவர் வந்தாக வேண்டும். ஆகவே பணமும் பாடுபவர் கைக்கே வந்தது. மதுரையை நடுவிடமாகக் கொண்ட சங்கரதாஸ் சுவாமிகள் வழி நாடகங்களில் ஆர்மோனியம் வாசிப்பவர், பின்பாட்டுப் பாடுபவர், இராஜபார்ட், ஸ்திரீபார்ட் என ஒவ்வொருவருக்கும் ஓர் இரவுக்கு இவ்வளவு எனப் பேசி முன்பணம் கொடுப்பர். கோயில் திருவிழா நடக்கும் மாதங்களில் வேலை, மழைக்காலத்தில் ஓய்வு. வருவாய் சிறிதெனினும் உழைத்தவனுக்கும் கூலிக்கும் நடுவே தொலைவு குறைவு.

இம்மேடை மரபிலிருந்தே பண்ணைப்புரம் பாவலர் வரதராசன் எழுந்தார். பொதுவுடைமை இயக்கத்தின் மேடைகளில் அவர் பாடினார். மக்களுக்கு முன்பே பழகிய மெட்டில் புதிய சொற்களை வைத்துப் பாடுவது அக்கால அரசியல் மேடைகளின் வழக்கம். 1958இல் மலைக்கு அப்பால் நடந்த தேவிகுளம் இடைத்தேர்தலில், தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர் நடுவே அவர் குழுவினர் பாடினர். பொதுவுடைமைக் கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் அத்தேர்தலில் வென்றார். பாவலரின் தம்பியரான பாஸ்கர், இளையராஜா, கங்கை அமரன் ஆகியோரும் அக்குழுவில் வளர்ந்தவர்களே. 'பாவலர் சகோதரர்கள்' என்ற பெயரில் ஊர் ஊராகச் சென்று பாடிய அந்த ஆண்டுகளே இளையராஜாவுக்கு முதற் பள்ளி. பாவலர் 1973இல் மறைந்தார். தம்பியின் புகழை அவர் காணவில்லை. அவருடைய குரல் ஆயிரக்கணக்கான மேடைகளில் காற்றோடு கலந்தது. அது விற்பனைக்குரிய பண்டமாகவில்லை.

இசைத்தட்டும் குழாய் ஒலிபெருக்கியும்

இந்தியாவில் வணிக நோக்குடன் முதல் ஒலிப்பதிவுகள் 1902இல் கல்கத்தாவில் நடைபெற்றன. கிராமபோன் கம்பெனியின் நாய்ப்படம் போட்ட தட்டுகள் விரைவில் தென்னாட்டுக்கும் வந்தன. நிமிடத்திற்கு 78 முறை சுழலும் அரக்குத் தட்டில் ஒரு பக்கத்திற்கு ஏறக்குறைய மூன்று நிமிடமே இடமிருந்தது. இரவெல்லாம் பாடிய நாடகப் பாட்டு மூன்று நிமிடத்தில் அடங்க வேண்டியதாயிற்று. வாணிகம் இசையின் அளவையே மாற்றிவிடும் என்பதற்கு இது முதற் சான்று. தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' 1931இல் வெளிவந்தபின் திரைப்பாட்டே தட்டு வாணிகத்தின் உயிராயிற்று. பின்னாளில் பெரும்படத் தயாரிப்பாளராக விளங்கிய ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரே சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்னும் இசைத்தட்டு நிறுவனத்திலிருந்துதான் திரைத்துறைக்கு வந்தார்.

தட்டும் அதை இசைக்கும் பெட்டியும் உழவர் வீட்டுக்கு எட்டாத பொருள்கள். ஆயினும் பள்ளத்தாக்கில் பாட்டு ஒலித்தது. அதற்குக் காரணம் 'மைக் செட்'காரர். திருமணம், காதணி விழா, பூப்புனித நீராட்டு, மாரியம்மன் பொங்கல் எதுவாயினும் புளியமரத்தில் குழாய் ஒலிபெருக்கியைக் கட்டி அவர் தட்டைச் சுழலவிடுவார். அவர் மதுரைக்குச் சென்று புதுத்தட்டு வாங்கி வந்தால்தான் ஊருக்குப் புதுப்பாட்டு. நாள் வாடகை அவர் வருவாய். ஊசியும் தட்டின் தேய்மானமும் அவர் செலவு. ஒரே தட்டை நூறு ஊர்கள் கேட்டன. ஆனால் கம்பெனிக்குக் கிடைத்தது ஒரு தட்டின் விலையே.

வானொலியும் துணை நின்றது. 1952க்குப்பின் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கி வைத்தபோது நம் மக்கள் இலங்கை வானொலிப் பக்கம் முள்ளைத் திருப்பினர். அந்த இழப்பை ஈடுகட்டவே 1957இல் விவித பாரதி தொடங்கப்பட்டது. கேட்பவனை அரசு ஆணையால் கட்டுப்படுத்த இயலாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

1968இல் சென்னை சென்ற இளையராஜா, தன்ராஜ் மாஸ்டரிடம் மேலையிசை பயின்றார், ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராகப் பணியாற்றினார். 1976இல் பஞ்சு அருணாசலம் 'அன்னக்கிளி' படத்தின் வாயிலாக அவரை அறிமுகப்படுத்தினார். பாட்டுகளே படத்தைத் தூக்கி நிறுத்தின என்று இன்றும் மூத்தோர் கூறுவர். வயலிலும் களத்திலும் கேட்ட மெட்டின் சாயல், மேலைநாட்டு இசைக்குழுவின் துணையோடு மைக் செட்டில் ஒலித்தபோது, பள்ளத்தாக்கு மக்கள் தம் குரலையே கேட்டதாக உணர்ந்தனர். தம் தாய் சின்னத்தாயி பாடக் கேட்ட பாட்டுகளே தம் இசைக்கு ஊற்று என்பதை இளையராஜாவும் மறைத்ததில்லை.

நாடாக் காலம்

பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய ஒலிநாடாப் பேழை, அதாவது கேசட், நம் ஊர்களுக்கு வரப் பல ஆண்டுகள் ஆயின. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் சென்றவர்கள் விடுமுறையில் வரும்போது 'டூ-இன்-ஒன்' பெட்டியைத் தோளில் சுமந்து வந்தனர். எண்பதுகளில் கேசட் எங்கும் பரவியது. 1984இல் வெளிவந்த 'விதி' படத்தின் வசனக் கேசட் தேநீர்க் கடைகளிலெல்லாம் ஒலித்தது. படத்தைப் பாராதவர்களும் நீதிமன்றக் காட்சியை மனப்பாடமாகச் சொல்லினர்.

தட்டை வீட்டில் படியெடுக்க இயலாது, கேசட்டை இயலும். இந்த ஒரு வேறுபாடு வாணிகத்தையே தலைகீழாக்கியது. தேனி, போடி, கம்பம் என எல்லா ஊர்களிலும் 'ரிக்கார்டிங் சென்டர்கள்' தோன்றின. வெற்றுக் கேசட்டையும், துண்டுத்தாளில் எழுதிய பாட்டுப் பட்டியலையும் கொடுத்துவிட்டு மறுநாள் வந்து வாங்கிக் கொள்ளலாம். அறுபது நிமிடக் கேசட்டில் எத்தனை பாட்டு அடங்கும் என்பதை அக்கடைக்காரர்கள் கடிகாரம் பாராமலே கூறுவர். என் தாய்மாமா அத்தகைய கடை ஒன்றை நடத்தியவர். காதலியின் பெயரை மறைமுகமாகச் சொல்ல எந்தப் பாட்டை முதலில் வைப்பது என்று இளைஞர்கள் அவரிடம் கலந்தாய்வு செய்வார்களாம்! அக்கடைகளிலிருந்து பாட்டை இயற்றியவருக்கோ பாடியவருக்கோ காசு ஏதும் செல்லவில்லை. அது சட்டமீறல் என்ற எண்ணமே தமக்கு அன்று இருந்ததில்லை என்று மாமா ஒளிவின்றி ஒப்புக்கொள்கிறார். திருட்டுப் பதிவைத் தடுக்க 1984இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டுத் தண்டனை கடுமையாக்கப்பட்டது. எனினும் அது துண்டுத்தாள் பட்டியலை நிறுத்தவில்லை.

நாடாவால் விளைந்த நன்மையையும் கூற வேண்டும். தட்டுத் தயாரிக்கப் பெருந்தொழிற்சாலை தேவை. கேசட்டுக்குச் சிறுமுதல் போதும். எனவே பெரிய நிறுவனங்கள் கருதிப் பாராத பாட்டுகளும் விலைக்கு வந்தன. குமுளி வழியாகச் சபரிமலை செல்லும் அடியவர் கூட்டத்திற்காகக் கார்த்திகை, மார்கழியில் சாலையோரக் கடைகளில் வீரமணியின் ஐயப்பன் பாடல்கள் விற்பனையாயின. ஆடியில் எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாடல்கள். இசுலாமியர் இல்லங்களில் நாகூர் அனிபாவின் பாடல்கள். விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன், புஷ்பவனம் குப்புசாமி போன்றோர் வாயிலாக நாட்டுப்புறப் பாட்டுக்கும் தனிச் சந்தை உண்டாயிற்று.

தகடும் அட்டையும்

1992இல் 'ரோஜா' வெளிவந்தது. ஏ.ஆர். ரகுமானின் ஒலிநுட்பம் குறுந்தகட்டின் தூய ஒலிக்குப் பொருத்தமாக அமைந்தது. ஆயினும் குறுந்தகட்டின் செழிப்பு நீடிக்கவில்லை. ஒரே தகட்டில் நூற்றுக்கு மேற்பட்ட பாடல்களை அடக்கும் எம்.பி.3 வந்தது. அதன்பின் செல்பேசிக் கடைகள் மெமரி கார்டில் சில ரூபாய்க்கு ஆயிரம் பாட்டை ஏற்றித் தந்தன. ரிக்கார்டிங் சென்டரின் துண்டுத்தாள் பட்டியலும் தேவையற்றுப் போயிற்று. கேட்பவன் தேர்ந்தெடுக்கவே வேண்டாம். கடைக்காரன் கோப்பு முழுவதையும் கொட்டிவிடுவான். என் மாமாவின் கடை மூடப்பட்டதும் இக்காலத்தில்தான். சுவர் முழுவதும் அடுக்கியிருந்த கேசட்டுகளை எடைக்குப் போட மனமின்றி, அவர் இன்றும் சாக்கில் கட்டிப் பரணில் வைத்திருக்கிறார்.

பழைய கிராமபோன் கம்பெனி 2000ஆம் ஆண்டில் சரிகம என்று பெயர் மாறியது. தட்டு போய்விட்டது, ஆனால் தட்டில் பதிந்த ஒலியின் உரிமை கம்பெனியிடமே இருந்தது. 2017இல் அது பழைய பாடல்களை ஏற்றிய 'கார்வான்' பெட்டியை விற்கத் தொடங்கியது. முதியோருக்குப் பரிசளிக்க மக்கள் அதை விரும்பி வாங்கினர். இதிலிருந்து நாம் கற்கும் பாடம் ஒன்றுண்டு. தட்டு தேயும், நாடா சிக்கும், தகடு கீறல் விழும். உரிமைப் பத்திரம் மட்டும் தேய்வதில்லை. நம் சட்டப்படி ஓர் ஒலிப்பதிவின் உரிமை, அது வெளியான ஆண்டிற்கு அடுத்த ஆண்டு முதல் 60 ஆண்டுகள் நிற்கும். 1976இல் வெளியான ஒலிப்பதிவுக்கு 2036 முடிய உரிமை உண்டு.

அலைக் காலம்

இன்று பாட்டை யாரும் வாங்குவதில்லை. கேட்கும் உரிமையை மாதவாடகைக்கு எடுக்கின்றனர், அல்லது விளம்பரத்தைப் பொறுத்துக்கொண்டு இலவசமாகக் கேட்கின்றனர். 2019இல் ஸ்பாட்டிபை இந்தியாவுக்கு வந்தது. அதற்கு முன்பே கானா, சாவன், யூடியூப் முதலியன வேரூன்றியிருந்தன. இவ்வாணிகத்தில் பணம் பங்கிடப்படும் முறையைப் பலர் அறியார். பெரும்பாலும் கையாளப்படும் முறையை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்குவேன்.

100 பேர் ஆளுக்கு 100 ரூபாய் செலுத்துகின்றனர் என்று கொள்வோம். மொத்தம் 10,000 ரூபாய். அம்மாதம் அனைவரும் சேர்ந்து 1,00,000 முறை பாட்டுக் கேட்டனர் எனில், ஒரு முறைக்கு 10 காசு. அவர்களுள் ஒருவர் வேறு எதையும் கேளாமல், ஒரு நாட்டுப்புறப் பாடகியின் பாட்டை மட்டும் 50 முறை கேட்டார். அப்பாடகியின் கணக்கில் சேர்வது 5 ரூபாய். அவர் செலுத்தியதோ 100 ரூபாய். எஞ்சிய 95 ரூபாய் அவர் ஒருமுறைகூடக் கேளாத பாடல்களுக்குச் செல்கிறது. அந்த 5 ரூபாயிலும் நிறுவனத்தின் பங்கைக் கழிக்க வேண்டும். மிகுதியாகக் கேட்கப்படும் பாட்டுக்கே மேலும் மேலும் பணம் சேரும் அமைப்பு இது. மேட்டு நிலத்து நீரெல்லாம் ஒரே கண்மாயில் சேர்வதுபோல் என்று கூறலாம்.

ஒரு பாட்டின் நான்கு கூறுகள்

சட்டத்தின் பார்வையில் ஒரு திரைப்பாட்டு ஒரு பொருளன்று, நான்கு பொருள்கள். மெட்டு ஒன்று, சொல் ஒன்று, குரல் ஒன்று, இம்மூன்றையும் பிடித்து வைத்த ஒலிப்பதிவு ஒன்று. இந்நான்கையும் நம் மாவட்டத்தில் வைத்துப் பார்ப்போம். மெட்டுக்குப் பண்ணைப்புரம் இளையராஜா. சொல்லுக்கு, 1980இல் 'நிழல்கள்' படத்தில் பாடலாசிரியராக அறிமுகமான வடுகபட்டி வைரமுத்து. அப்படத்தை இயக்கியவர் அல்லிநகரம் பாரதிராஜா, இசை இளையராஜா. குரலுக்கு, 1994இல் அதே பாரதிராஜாவின் 'கருத்தம்மா' படத்தில் ரகுமான் இசையில் பாடிய தேனி குஞ்சரம்மாள். நான்காவதான ஒலிப்பதிவு? அது என்றும் நம் பள்ளத்தாக்கில் இருந்ததில்லை. கல்கத்தாவிலும் சென்னையிலும் பம்பாயிலும் உள்ள நிறுவனங்களின் பெட்டகத்தில் இருந்தது. வாணிகத்தின் பெரும்பணம் அந்த நான்காவது கூற்றைச் சுற்றியே சேர்ந்தது. இதுவே என் கட்டுரையின் மையக் கருத்து.

சட்டம் நெடுநாள் இந்நிலைக்குத் துணை நின்றது. 1977இல் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் கூலி கொடுத்து இயற்றச் செய்த பாட்டுக்கு, மாறான ஒப்பந்தம் இல்லாதவரை, தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்று தீர்ப்பளித்தது. ஆயினும் அத்தீர்ப்பிலேயே நீதிபதி கிருஷ்ணய்யர், பாடுபவருக்குச் சட்டம் எதுவும் தரவில்லையே என்று சுட்டிக்காட்டினார். பாடுவோர், வாசிப்போர் உரிமை 1994 திருத்தத்தில்தான் சட்டத்தில் இடம்பெற்றது. 2012 திருத்தம் மேலும் ஒருபடி சென்றது. திரைப்பாட்டை இயற்றியவரும் எழுதியவரும் உரிமைத்தொகையில் சமபங்கு பெறுவர். வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ அன்றி வேறு எவருக்கும் அதை எழுதிக் கொடுக்க இயலாது என்றது.

பழைய பாடல்களைப் பற்றிய வழக்குகள் ஓயவில்லை. 2017இல் எஸ்.பி. பாலசுப்பிரமணியம் வெளிநாட்டில் நடத்திய இசைப் பயணத்தின்போது, இசைவு பெறாமல் தம் பாடல்களைப் பாடலாகாது என்று இளையராஜா தரப்பில் அறிவிப்பு அனுப்பப்பட்டது. நாடே இரு கட்சியாகப் பிரிந்து பேசியது. 2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், இயற்றியவர் என்ற முறையில் அவருக்குச் சிறப்பான தார்மிக உரிமை உண்டு என்று கூறியது. ஒலிப்பதிவு நிறுவனம் மேல்முறையீடு செய்தது. 2024இல் அவ்விசாரணையின்போது, பாடலாசிரியரும் இவ்வாறு உரிமை கோரினால் என்னாகும் என்று நீதிபதிகள் வினவினர். அதே ஆண்டில், நம் அண்டை மலையான கொடைக்கானலின் குணா குகையைக் களமாகக் கொண்ட 'மஞ்ஞுமல் பாய்ஸ்' என்னும் மலையாளப் படத்தில், 1991ஆம் ஆண்டின் 'குணா' படப்பாடல் பயன்படுத்தப்பட்டதற்கும் அவர் தரப்பில் அறிவிப்புச் சென்றது.

இதைப் பேராசை என்பாரும் உளர். பிறர் மெட்டில் பாடி வளர்ந்த மேடையிலிருந்து வந்தவர் இன்று தம் மெட்டுக்கு விலை கேட்கலாமா என்று வினவுவாரும் உளர். அந்த வாதம் முழுமையாகப் பொருந்தாது என்பது என் கருத்து. மேடையில் பாடியவனுக்கு அன்றைய கூலியே எல்லாம். அவன் பாட்டைக் கொண்டு அறுபது ஆண்டுகள் பணம் ஈட்டியவர் எவரும் இல்லை. ஒலிப்பதிவுக் காலத்தில் பிறர் அவ்வாறு ஈட்டும்போது, இயற்றியவன் கேட்பதை எவ்வாறு குறை கூறுவது? ஆனால் அதே நீதி ஒருவரோடு நின்றுவிடலாகாது. சொல் எழுதியவருக்கும், பாடியவருக்கும், வயலின் வாசித்துவிட்டு அன்றே கூலி வாங்கிச் சென்றவருக்கும் அது நீள வேண்டும்.

பெயரில்லாப் பாட்டு

இப்போது அப்பத்தாவின் வினாவுக்கு வருவோம். பதிப்புரிமைச் சட்டம் 'இயற்றியவர் யார்?' என்றே முதலில் கேட்கிறது. நடவுப் பாட்டுக்கும் தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் அவ்வாறு ஒருவரைக் காட்ட இயலாது. ஆகவே மெட்டும் சொல்லும் யாருடைய உடைமையும் அல்ல. அவற்றை எடுத்துத் தம் முறையில் அமைத்துக் கொள்பவருக்கோ அவ்வமைப்பில் உரிமை பிறந்துவிடும். குன்றக்குரவையின் பொதுமை, சட்டத்தின் கண்ணில் வெறும் புறம்போக்கு நிலம். ஆயினும் பாடிய குரலுக்கு இன்று உரிமை உண்டு. ஒலிப்பதிவுக்கும் உரிமை உண்டு. அது பதிவைச் செய்யப் பொறுப்பேற்றவருடையது. 'நான் கட்டவில்லை' என்றாலும், 'நான் பாடினேன்' என்று சொல்ல என் அப்பத்தாவுக்கு இடமிருக்கிறது. அதற்கு அவர் பெயர் அப்பதிவோடு இருக்க வேண்டும்.

காலம் நமக்காகக் காத்திருக்கவில்லை. முல்லைப் பெரியாற்று நீரால் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நிலம் விளைகிறது. அங்கே நடவுக்கு இயந்திரம் வந்துவிட்டது. இயந்திரத்தின் பின்னால் யாரும் குலவையிட்டுப் பாடுவதில்லை. பாட்டை அறிந்தவர்கள் எழுபதைக் கடந்தவர்கள்.

முடிவுரை

மேடையில் பாடுபவர் கையில் இருந்த பணம், தட்டில் கம்பெனிக்கும், நாடாவில் படியெடுத்தவனுக்கும், அலையில் மேடை அமைத்துக் கொடுக்கும் நிறுவனத்துக்கும் மாறிச் சென்றதைக் கண்டோம். ஒவ்வொரு மாற்றத்திலும் ஒலிப்பதிவு யாரிடம் இருந்தது என்பதே வாணிகத்தின் முடிவைத் தீர்மானித்தது. இன்றோ ஒலிப்பதிவுக் கருவி நம் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கிறது. பாவலர் காலத்தில் இல்லாத வாய்ப்பு இது.

எனவே நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நா. வானமாமலை முதலியோர் ஏட்டில் தொகுத்ததை நாம் ஒலியில் தொகுப்போம். ஊருக்குச் செல்லும்போது பாடத் தெரிந்த ஒரு முதியவரையேனும் பதிவு செய்வோம். பாடியவர் பெயர், ஊர், நாள், யாரிடம் கற்றார் என்பவற்றைப் பதிவின் தொடக்கத்திலேயே அவர் வாயால் சொல்லச் செய்வோம். அவர் இசைவின்றி எங்கும் வெளியிடாதிருப்போம். அப்பதிவுகளின் படி ஒன்று நம் கல்லூரி நூலகத்தில் இருக்க ஆசிரியப் பெருமக்கள் ஆவன செய்ய வேண்டும். நான்காவது கூறும் ஒருமுறையேனும் நம் பள்ளத்தாக்கில் தங்கட்டும்.

அடுத்த வாரம் ஊருக்குச் சென்று அப்பத்தாவிடம் மீண்டும் அப்பாட்டைப் பாடக் கேட்பேன். இம்முறை முதலில் அவர் பெயரையும், அவர் ஆத்தா பெயரையும் சொல்லச் சொல்வேன்.